ராஜா இறங்கினார், கூட்டம் கலையவில்லை

மைசூர், சயாஜிராவ் ரோடு. 2025 அக்டோபர் 2-ந் தேதி, விஜயதசமி.

எள் போட்டால் எள் விழாது. மரத்தின் மேல் ஆள். மாடியின் மேல் ஆள்.

என் பக்கத்தில் ஆம்பூர்க்காரர் ஒருவர் நின்றார். ஷூ கம்பெனித் தொழிலாளி. மனைவி, மகளோடு ரெயில் ஏறி தசரா பார்க்க வந்தவர். தோளில் 6 வயது மகள்.

அபிமன்யு என்ற யானை அசைந்து அசைந்து வந்தது. முதுகில் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரி!

"ராஜா எங்கப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ராஜா இல்லம்மா. அது சாமி" என்றார் அப்பா.

அவள் முகம் வாடிவிட்டது. அரண்மனை இருக்கிறது, யானை இருக்கிறது, ராஜா மட்டும் இல்லை என்றால் குழந்தை என்ன செய்யும்?

எங்கே போனார்?

ஒரு காலத்தில் அந்த அம்பாரியில் மகாராஜாதான் போவார். கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் நமக்கும் தெரிந்தவர். 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்தின் கவர்னராக இருந்தார்.

1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் ராஜா இறங்கினார். சாமுண்டீசுவரி அம்மன் ஏறினாள். இப்போது விழா நடத்துவது கர்நாடக அரசு. பூத் தூவி ஊர்வலத்தை அனுப்பி வைப்பவர் முதல்-மந்திரி.

ராஜ குடும்பத்தின் இன்றைய வாரிசு யதுவீர். அவர் 2024 தேர்தலில் இதே மைசூரில் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்து எம்.பி. ஆனார். யானை மேல் போன குடும்பம் அல்லவா!

வேலூர்க் கோட்டையில்...

அந்தச் சிம்மாசனத்துக்கும் நம் வேலூருக்கும் சம்பந்தம் உண்டு.

1799-ல் திப்பு சுல்தான் போரில் மாண்டார். வெள்ளைக்காரர்கள் 5 வயது உடையார் பிள்ளையை மைசூரில் அரியணை ஏற்றினார்கள். திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்துக் காவல் போட்டார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் சின்னமும் அதற்கு ஒரு காரணம். தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும்! பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மைசூரில் யார் ராஜா என்பதை அன்று வெள்ளைக்காரன் தீர்மானித்தான். இன்று விழா யாருக்குச் சொந்தம் என்று நமக்குள்ளேயே சண்டை. 2025 தசராவைத் தொடங்கி வைக்க எழுத்தாளர் பானு முஷ்டாக்கை அரசு அழைத்தது. அந்த ஆண்டு சர்வதேச புக்கர் பரிசு பெற்றவர் அவர். முஸ்லிம் பெண் அம்மன் விழாவைத் தொடங்கலாமா என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட்டும் வழக்கைத் தள்ளியது. செப்டம்பர் 22-ந் தேதி அவர் சாமுண்டி மலையில் மலர் தூவினார்.

அரசு பொது என்றால், அரசு விழாவும் பொதுதான். இதற்கு ஒரு வழக்கா?

எனக்கு உறுத்தியது வேறு. 'தங்க அட்டை' வாங்கினால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். விலை 6,500 ரூபாய்.

"என் பாதி மாதச் சம்பளம், சார்" என்று சிரித்தார் ஆம்பூர்க்காரர்.

அவரும்தான் மூன்று மணி நேரம் நின்றார். ராஜா போனாலும் மேல் இடம், கீழ் இடம் போகவில்லை. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்காவது சாலை ஓரத்தில் உட்கார இடம் ஒதுக்கக் கூடாதா?

யானை பன்னி மண்டபத்தை நோக்கிப் போய்விட்டது. மகள் தோளிலேயே தூங்கிப் போனாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று, அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.