'கேமிங்' என்ற சொல்லுக்கு எத்தனை ரூபா?

2025 ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில் வவுனியாவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பத்தாந் தரத்தில் படிக்கும் தன் மகனுக்குக் கணனி ஒன்று வாங்கப் போவதாகவும், நகரத்துக் கடையொன்றில் 'கேமிங் பிசி' பார்த்து முற்பணம் வரை பேசிவிட்டதாகவும் சொன்னான். "மாமா, ஒருக்கா அந்த விலைப்பட்டியலைப் பாருங்கோ. எனக்கு இதொண்டும் விளங்கேல்லை. பெடியன் எண்டால் அந்தப் பெட்டியில லைற் எரியுறதைப் பார்த்திட்டு வேற ஒண்டையும் பார்க்க மாட்டானாம்" என்றான்.

பட்டியல் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. கோர் ஐ7. 16 ஜிபி நினைவகம். 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட். ஏழு நிற விளக்குகள் கொண்ட கண்ணாடிப் பெட்டி. விண்டோஸ் 11. திரை நீங்கலாக விலை ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்றுத் தந்தவை, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற கேள்விகள். அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் செய்தியாசிரியர் தாளைத் திருப்பி எறிந்துவிடுவார். இந்த விலைப்பட்டியலில் 'எப்போது' இல்லை. மறதியால் விடுபட்டதன்று. அதை எழுதினால் வியாபாரம் நடக்காது என்பதால் விடப்பட்டது. நான் எழுத வந்தது இந்த ஒரு விடயத்தைப் பற்றித்தான்.

கடைக்காரரிடம் முழு இலக்கத்தையும் கேட்கச் சொன்னேன். "ஐ7 எண்டு சொல்லியாச்சு, அதுக்கு மேல என்ன ஐயா வேணும்?" என்று முதலில் பதில் வந்ததாம். இரண்டாம் முறை கேட்டபோது ஐ7-3770 என்று தெரிந்தது. இன்டெல் நிறுவனம் அதை வெளியிட்டது 2012ஆம் ஆண்டில். அதாவது அந்தச் சிறுவன் பாலர் பாடசாலைக்குப் போவதற்கு முன்னரே சந்தைக்கு வந்த சில்லு. இன்டெல்லின் இந்த வரிசைகளில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் ஓரிரு இலக்கங்களே தலைமுறையைச் சொல்லும். 3770 என்றால் மூன்றாந் தலைமுறை, 8500 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் நிலவும் தரவரிசை மட்டுமே. தலைமுறைகளைத் தாண்டி அவற்றை ஒப்பிடுவது, 2012இல் இராஜினாமாச் செய்த அமைச்சரை இன்றைய பிரதியமைச்சரைவிட அதிகாரம் மிக்கவர் என்று சொல்வது போன்றது. ஐ7-3770இல் நான்கு கருக்கள், எட்டு இழைகள். 2022இல் வந்த ஐ3-12100இலும் நான்கு கருக்கள், எட்டு இழைகள்தான். ஆனால் பின்னையது ஒவ்வொரு கருவிலும் முன்னையதைவிட வெகு வேகமானது. 'ஐ3' என்று கேட்டவுடன் முகஞ்சுழித்து 'ஐ7' என்று கேட்டவுடன் தலையாட்டும் தகப்பன்மாரின் அறியாமையில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

அடுத்தது அந்த '4 ஜிபி கிராபிக்ஸ்'. விசாரித்தால் ஜிடி 730. அதுவும் 2014ஆம் ஆண்டுப் பொருள். நான்கு ஜிபி என்பது பெரிய கிணறுதான், ஆனால் இறைப்பதற்குக் கிடைத்திருப்பது சின்ன வாளி. பழைய டி.டி.ஆர்.3 நினைவகத்தின் வேகத்தில் அந்த நான்கு ஜிபியை நிரப்பிப் பயன்படுத்துவதற்குள் விளையாட்டு முடிந்துவிடும். அந்தக் கார்டின் பெரும்பாலான வகைகள் சார்ந்த கெப்ளர் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது.

கடைக்காரர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. உற்பத்தியாளர்களே இந்தப் பெயர் விளையாட்டில் முன்னோடிகள். ஜிடி 1030 என்ற கார்ட் 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்தது. மறுவருடம் அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. முதலாவதன் நினைவக வேகம் வினாடிக்கு 48 கிகாபைட், இரண்டாவதனுடையது 16.8. மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம். பெயரோ ஒன்றே. ஆர்எக்ஸ் 580 என்ற ஏஎம்டி கார்டிலும் இதே கதை: 2304 செயற்கூறுகள் கொண்ட அசலும் 2048 கொண்ட குறைப்பிரதியும் ஒரே பெயரில் உலாவுகின்றன. பாலில் நீர் கலந்தால் பிடிப்பதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். இதற்கு யாரும் இல்லை.

எல்லாவற்றிலும் மோசமானது அந்த 'விண்டோஸ் 11' என்ற வரி. 2021இல் வந்த விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாந் தலைமுறைக்கு முந்திய சில்லுகளை ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். மூன்றாந் தலைமுறைக் கணனியில் அதை நிறுவியிருக்கிறார்கள் என்றால் சோதனையை ஏமாற்றும் குறுக்குவழி ஒன்றால் நிறுவியிருக்கிறார்கள் என்பதே பொருள். நிறுவிய பின் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலத்தான் தோன்றும். ஆனால் பையன் முதன்மையாகக் கேட்டது வாலரண்ட் என்ற விளையாட்டு. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0உம் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் விளையாட்டையே திறக்க விடாது. வேடிக்கை என்னவென்றால் வாலரண்ட் மிக இலேசான விளையாட்டு. அந்த 2012ஆம் ஆண்டுக் கணனியின் வலு அதற்குப் போதும். கதவைப் பூட்டியிருப்பது வலுக்குறைவு அன்று, கடைக்காரர் செய்த குறுக்குவழி. ஏழு நிறத்தில் ஒளிரும் 'கேமிங்' கணனியை வீட்டுக்குக் கொண்டுபோய், கேட்ட விளையாட்டைத் திறக்க முடியாமல் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். தகப்பன் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சீட்டு எடுத்துச் சேர்த்திருந்தான்.

இவ்விடத்தில் என் சொந்தத் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் வாரம் ஒருமுறை தகவல் தொழில்நுட்பப் பக்கம் வந்தது. அதன் கீழ்ப்பாதி விளம்பரம். மேற்பாதி, அந்த விளம்பரதாரர் அனுப்பிய ஆங்கில அறிக்கையின் தமிழாக்கம். 'அதிநவீன', 'அதிவேக', 'இளைஞர்களின் கனவு' என்ற சொற்களை நான் திருத்தியதுண்டு, சந்திப்பிழைக்காக. 'எந்த வருடத்துச் சில்லு?' என்று விளிம்பில் ஒரு கேள்விக்குறி இட்டதில்லை. தேர்தல் வாக்குறுதியைக் கேள்வி கேட்கத் தெரிந்த நாங்கள், முழுப்பக்க விளம்பரத்தைக் கேள்வி கேட்கப் பயந்தோம். இன்று அந்த வேலையை யூடியூப் செய்கிறது, அங்கேயும் கீழ்ப்பாதிக்காரரே மேற்பாதியை எழுதுகிறார்.

விளையாட்டுக்கென்று ஒரு கணனியா, பிள்ளை கெட்டுப் போகாதா என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு நீண்ட வாதம் இல்லை. ஆசிரியபீடத்துக்கு விண்டோஸ் 3.1 வந்த காலத்தில், இரவுக் கடமையில் பக்கம் முடியும்வரை சொலிட்டயர் ஆடிய கூட்டத்தில் நானும் ஒருவன். பேரன் கேட்டவை மூன்றே விளையாட்டுகள். வாலரண்ட், ரொறன்ரோவிலிருக்கும் பெரியப்பா மகனோடு சேர்ந்து கட்டியெழுப்புவதற்கு மைன்கிராப்ட், அடுத்தது 2006இல் வெளிவந்து இன்றும் நம் பையன்கள் கைவிடாத கிரிக்கெட் 07. இந்த மூன்றுக்கும் ஒன்றரை இலட்சம் தேவையில்லை என்பதே என் கட்சி.

முற்பணத்தைக் கொடுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவனைக் கொழும்புக்கு வரச் சொன்னேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினோம். நாங்கள் தேடியது அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மேசைக் கணனி. டெல் ஒப்டிபிளெக்ஸ் 7060, எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்920 ஆகியவை 2018ஆம் ஆண்டளவில் வந்த எட்டாந் தலைமுறை இயந்திரங்கள். வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வாங்கிக் குளிரூட்டிய அறையில் வைத்து, சில வருடங்களில் மாற்றிவிடும் வகை. கறுத்த, அழகற்ற பெட்டி. கண்ணாடியும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் உள்ளே ஐ5-8500, ஆறு கருக்கள். விண்டோஸ் 11ஐ அது முறைப்படி ஏற்கும், டி.பி.எம். 2.0உம் உண்டு. சில்லோடு சேர்ந்தே வரும் யுஎச்டி 630 கிராபிக்ஸ், அந்த ஜிடி 730 செய்யும் வேலையை ஏறத்தாழச் செய்கிறது. அதற்குத் தனிக் காசு இல்லை.

ஒரு நிபந்தனை உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. அது கணனியின் றாமையே கடன் வாங்கும். ஆகவே 16 ஜிபியை ஒரே அட்டையாகப் போடாமல் இரண்டு 8 ஜிபியாகப் போட வேண்டும். அப்போது பாதை இரட்டிப்பாகும், விளையாட்டின் ஓட்டத்திலும் வித்தியாசம் தெரியும். எங்களுக்குக் காட்டிய முதல் இயந்திரத்தில் ஒற்றை அட்டைதான் இருந்தது. மாற்றித் தரச் சொன்னபோது மறுப்பின்றிச் செய்தார்கள். கேட்காவிட்டால் செய்திருக்க மாட்டார்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும் என்பதை இன்று சொல்லத் தேவையில்லை.

மொத்தச் செலவு, வவுனியாக் கடை சொன்னதில் ஏறக்குறையப் பாதி. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் பசியால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியிருந்தது. பாகம் பாகமாகப் புதிதாக வாங்குவோருக்கு அது பேரிடி. றாமோடு சேர்த்து விற்கப்படும் பழைய இயந்திரத்தில் அந்த அடி குறைவாகவே விழுந்தது.

பழைய பொருளுக்கு உத்தரவாதம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மாதம் மட்டுமே. அதைவிட முக்கியமான குறைபாடு ஒன்றுண்டு. இந்த அலுவலக இயந்திரங்களின் மின்வழங்கி பெரும்பாலும் அந்தந்தக் கம்பனிக்கே உரிய இணைப்புக் கொண்டது. பழுதானால் கடையில் கிடைக்கும் சாதாரணமானதை அப்படியே மாட்ட முடியாது. அதன் வலுவும் குறைவு. நாளைக்குப் பெரிய விளையாட்டு ஆசை வந்து, 185 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 580ஐக் கொண்டுபோய்ச் செருகினால் இயந்திரம் எழும்பாது. 2022 செப்டெம்பரில் எதீரியம் சுரங்க முறையைக் கைவிட்ட பின் சந்தையில் குவிந்த பழைய கார்டுகளில் பல இந்த வகையினவே. விலை மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற, 75 வாட்டுக்குள் அடங்கி, தனி மின்கம்பி கேட்காத வகையைத்தான் தேட வேண்டும். அதற்கும் பெட்டி 'டவர்' அளவில் இருக்க வேண்டும். ஒல்லிப் பெட்டி வாங்கினால் அரை உயரக் கார்டைத் தேடி அலைய நேரும். நாங்கள் டவரையே வாங்கினோம், கார்டை ஒத்திவைத்தோம். பின்னர் பாவித்த 1650 ஒன்றைச் சேர்த்தாலும் அந்தப் பழைய ஒன்றரை இலட்சத்தை எட்டாது.

மிஞ்சிய பணத்தில் முதலில் வாங்கச் சொன்னது யு.பி.எஸ். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டை அனுபவித்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்ன நாடு. சித்திரை மாதத்து இடிமின்னலும் வவுனியாவுக்குப் புதிதன்று. விளக்குப் பெட்டி விற்றவரின் பட்டியலில் யு.பி.எஸ். இருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. உங்கள் அலுவலகங்கள் ஆறாம், ஏழாந் தலைமுறைக் கணனிகளைக் கழித்துத் தள்ளுகின்றன. அவை கப்பலேறி எங்களைப் போன்ற நாடுகளுக்கு வந்து, துடைத்து, விளக்கு மாட்டி, 'ஐ7 கேமிங்' என்று விற்பனைக்கு நிற்கின்றன. நீங்கள் இரவு வேலை செய்து அனுப்பும் டொலரும் யூரோவும் உங்கள் அலுவலகம் எறிந்ததையே திரும்ப வாங்குகின்றன. "நல்ல கேமிங் கொம்பியூட்டர் ஒண்டு வாங்கிக் குடு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். சில்லின் முழு இலக்கத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடைக்கு அனுப்பாதீர்கள்.

பேரன் முதலிரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தானாம். மூன்றாம் நாள், சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, காலை எழுந்த கையோடு ரொறன்ரோக்காரன் இணைப்பில் வந்திருக்கிறான். அதன் பிறகு பெட்டியின் நிறத்தைப் பற்றிய பேச்சில்லை. போன மாதம் வவுனியா போயிருந்தபோது பார்த்தேன். மேசையின் பின்பக்கச் சுவரில் நீலமும் சிவப்புமாக ஒரு விளக்குப் பட்டி ஒட்டியிருந்தது. விலை என்னவென்று கேட்டேன். "தொளாயிரம் ரூபா தாத்தா, நானே காசு சேர்த்து வாங்கினனான்" என்றான்.