ஓலுஃப் ரூக் எழுதிவைத்த பெயர்கள்

1867 செப்டம்பரில், நார்வேயின் தென்கிழக்கு மூலையில், தூனே வட்டாரத்துப் பண்ணை ஒன்றிலிருந்த மண்மேட்டை வெட்டினார்கள். குறுக்கே ஏறத்தாழ 80 மீட்டர், உயரம் 4 மீட்டர். உள்ளே நீலக் களிமண்ணில் ஓர் ஓக் மரக் கப்பல் கிடந்தது. வைக்கிங் காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்துக் காப்பாற்றியது அதுவே முதல் தடவை. கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வேலையை நடத்தியவர் ஓலுஃப் ரூக். அப்போது அவருக்கு வயது 34. இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. களிமண் பிடித்துவைத்திருந்த அடிப்பாகம் தப்பியது. மேல்பாகம் எப்போதோ மக்கிப்போயிருந்தது. கூடவே கிடைத்த ஈட்டிமுனை, கேடயக் குமிழ், மணிகள், துணித் துணுக்குகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. எது எந்த இடத்தில் கிடந்தது என்ற குறிப்பும் சொற்பம். இன்றைக்கு ஒரு முதுகலை மாணவர் இப்படித் தோண்டிவிட்டு வந்தால் அவருக்குப் பட்டம் கிடைக்காது.

நார்வேத் தொல்லியலுக்கு அடித்தளம் போட்டவர்களின் வரிசையில் முதலில் வைக்கப்படும் பெயர்களில் ஒன்று ரூக்கினுடையது. அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது தூனேக் கப்பல் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்வெட்டி பிடித்த இடத்தில் அல்ல, மேசையில் உட்கார்ந்து பட்டியல் போட்ட இடத்தில்தான் ரூக் பெரிய மனிதர். பட்டியல் போடுவதை நாம் குமாஸ்தா வேலை என்று தள்ளிவைக்கிறோம். அந்த நாட்டின் கடந்த காலம் இன்று ஒழுங்காகக் கையில் கிடைக்கிறதென்றால் பாதிக் காரணம் இந்தக் குமாஸ்தா வேலைதான்.

அவர் பிறந்தது 1833-இல், நடு நார்வேயின் வேர்டால் பகுதியில். தம்பிகளில் கார்ல் தொல்பொருளும் மொழியும் படித்தவர். எவால்ட் அரசியலுக்குப் போய் நிதியமைச்சரானவர். அவர்கள் வளர்ந்த காலத்தில் நார்வே தன்னைத் தானே தேடிக்கொண்டிருந்தது. நானூறு ஆண்டுக்கு மேல் டென்மார்க்கோடு கட்டுண்டு கிடந்து, 1814-இல் சொந்த அரசியல் சட்டம் எழுதி, அதே ஆண்டே சுவீடன் மன்னரின் கீழ் போய்ச் சேர்ந்த நாடு. வீட்டில் பேசுவது ஒன்று, எழுதுவது டேனிஷ். அப்படிப்பட்ட இடத்தில் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஆவேசம் வருவது இயல்பு. ருடால்ஃப் கைசரும் பி. ஏ. முங்கும், நார்வேஜியர்களின் முன்னோர் வடக்கு வழியாகத் தனியே வந்து குடியேறினார்கள் என்று ஒரு பெருங்கதை கட்டினார்கள். டேனிஷ்காரர்களோடு ஒட்டாத தனி வம்சம் என்று காட்ட அது வசதியாக இருந்தது.

ரூக் அந்தக் கதையை மேடையேறி எதிர்க்கவில்லை. எந்த மாவட்டத்தில் எந்தக் காலத்துக் கல்லறைகள், அவற்றில் என்னென்ன பொருள்கள் என்று எண்ணி வரிசைப்படுத்தினார். இரும்புக் காலத்தின் முந்தைய கட்டம் பற்றியும் பிந்தைய கட்டம் பற்றியும் தனித்தனியே எழுதினார். மண்ணிலிருந்து வந்த பொருள்கள் வடக்கு வழிக் குடியேற்றத்துக்குச் சாட்சி சொல்ல மறுத்தன. கதை தானாக மெலிந்துபோனது.

பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் சேகரிப்பு அவர் பொறுப்பில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வந்துசேர்ந்த பொருள்களின் பட்டியலை அந்தந்த ஆண்டே அச்சிட்டார். உழவர் ஒருவர் துருப்பிடித்த வாளைக் கொண்டுவந்து கொடுத்தால், எந்தப் பண்ணை, எந்த மேடு, கூட வேறென்ன கிடந்தது என்பதெல்லாம் பதிவாகும். அந்த எண் வரிசை ஓஸ்லோ அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1875-இல் அவரது பேராசிரியர் பதவி வரலாற்றிலிருந்து தொல்லியலுக்கு மாறியது. வடக்கு ஐரோப்பாவில் அந்தத் துறைக்கு அமைந்த முதல் பேராசிரியர் பதவி அதுதான் என்பார்கள். அதே சேகரிப்பில் வேலை பார்த்த இளைஞர் இங்வால்ட் உன்செட், ஐரோப்பா முழுக்கச் சுற்றி இரும்புக் காலத் தொடக்கம் பற்றிப் பெரிய நூல் எழுதி, நாற்பது வயதில் இறந்துபோனார். அவருடைய மகள் சிக்ரி உன்செட் 1928-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இடைக்கால நார்வேயை நாவலில் உயிர்ப்பித்த அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது வீட்டுப் பேச்சே பழம்பொருள்கள்தான்.

1885-இல் ரூக் வெளியிட்ட ‘நோர்ஸ்கே ஓல்சாகெர்’ (நார்வேயின் தொல்பொருள்கள்) 732 படங்கள் கொண்ட நூல். கற்காலக் கோடரியில் தொடங்கி வைக்கிங் காலத்துச் சீப்பு, பூட்டு, கொக்கி வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு எண், நார்வேஜிய மொழியிலும் பிரெஞ்சிலும் சிறு விளக்கம். வாதம் இல்லை, வருணனை இல்லை. வைக்கிங் காலத்துப் பெண்கள் தோளுக்கு ஒன்றாக இரண்டு முட்டைவடிவ வெண்கல ஊக்குகள் குத்திக்கொள்வார்கள். அவற்றில் மிகப் பரவலான வகையை ஆய்வாளர்கள் இன்றும் ‘ஆர் 652’ என்றோ ‘ஆர் 654’ என்றோ குறிப்பிடுகிறார்கள். அந்த ‘ஆர்’ ரூக்கின் முதலெழுத்து. எண் அவர் நூலின் படத்துக்குரியது. அதற்குப் பிறகு எத்தனையோ வகைப்பாடுகள் வந்துவிட்டன. பழைய எண் போகவில்லை.

இவ்வளவும் ஒரு பாதி. மறுபாதி நிலவரி அலுவலகத்தில் தொடங்கியது.

நார்வேயில் பண்ணைதான் ஊர். நம் ஊர்களைப் போல வீடுகள் நெருக்கமாக அமைந்த கிராமம் அங்கே அரிது. பள்ளத்தாக்கு நெடுகத் தனித்தனிப் பண்ணைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஆயிரம் ஆண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேல் வயது. இந்தப் பெயர்களை வரி ஏடுகளில் எழுதியவர்கள் டேனிஷ் படித்த எழுத்தர்களும் பாதிரியார்களும். காதில் விழுந்ததைத் தங்களுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதினார்கள். அடுத்தவர் அதைப் பார்த்துப் படியெடுத்தார். 1878-இல், நிலவரிப் பதிவேட்டைப் புதுப்பிக்கும்போது பெயர்களையும் திருத்துவதென்று அரசு மூவர் குழு ஒன்றை அமைத்தது: ரூக், மொழியறிஞர் சோஃபுஸ் புக்கே, பழைய நோர்ஸ் அகராதி தொகுத்த பாதிரியார் யோஹான் ஃபிரிட்ஸ்னர். புதிய பதிவேடு 1886-இல் வந்தது. பண்ணைக்கு ஓர் எண், அதன் உட்பிரிவுக்கு ஓர் எண் என்ற அன்றைய முறையில்தான் இன்றும் நார்வேயில் நிலம் கைமாறுகிறது.

குழுவின் கடமை அதோடு தீர்ந்தது. ரூக்குக்குத் தீரவில்லை. திரட்டிய குறிப்புகளை ‘நோர்ஸ்கே கோர்நாவ்னெ’ (நார்வேயின் பண்ணைப் பெயர்கள்) என்ற பெருந்தொகுப்பாக்கத் தொடங்கினார். அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே அமைப்பு. முதலில் பண்ணை எண்ணும் பெயரும். அடுத்து, அந்தப் பகுதி மக்கள் அதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பது, ஒலிக்குறியோடு. பிறகு பழைய ஏடுகளில் அந்தப் பெயர் வந்த வடிவங்கள் ஆண்டுவாரியாக: இடைக்காலச் சாசனங்கள், 1400 வாக்கில் பிஷப் ஐஸ்தைன் தொகுத்த திருச்சபைச் சொத்து ஏடு, பதினாறு பதினேழாம் நூற்றாண்டு வரிக்கணக்குகள். கடைசியாக, இரண்டு மூன்று வரியில் பொருள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்றாலே கற்பனை இறக்கை கட்டிப் பறக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அடக்கத்தின் விலை புரியும்.

தொல்லியலும் மொழியியலும் ஒரே ஆளிடம் இருந்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. ‘வின்’ என்று முடியும் பெயர்கள் ஒரு வகை. புல்வெளி என்று பொருள். பெர்கன் நகரத்தின் பழைய பெயர் பியோர்க்வின். அந்த ‘வின்’தான் தேய்ந்து ‘என்’ ஆகி நிற்கிறது. ‘ஸ்தாத்’ என்று முடிபவை இன்னொரு வகை. வைக்கிங் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நார்வேஜியர்கள் ஐஸ்லாந்தில் குடியேறினார்கள். அங்கே ‘ஸ்தாத்’ பெயர்கள் ஏராளம். ‘வின்’ பெயர்களைத் தேடினாலும் கிடைப்பது கடினம். அப்படியானால் கப்பல் ஏறுவதற்கு முன்பே ‘வின்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் ஓய்ந்துவிட்டது என்றாகிறது. ‘ரூத்’ என்று முடிபவை காடு திருத்திய இடங்கள், பெரும்பாலும் இடைக்காலத்தவை. இனி வரைபடத்தைப் பார்த்தால், ‘வின்’, ‘ஹைம்’ என்று முடியும் பண்ணைகள் பள்ளத்தாக்கின் நல்ல மண்ணில் உட்கார்ந்திருக்கும். ‘ரூத்’ பண்ணைகள் காட்டோரத்தில். பழைய தெய்வங்களும் பெயர்களில் ஒளிந்திருக்கிறார்கள்: ஒன்சோய் ஓடினின் தீவு, தோர்ஸ்ஹோவ் தோருக்கான வழிபாட்டிடம், உல்லென்சாகெர் உல் தெய்வத்தின் வயல். எழுத்து வருவதற்கு முந்தைய குடியேற்ற வரலாறு, வரி வசூலிப்பவர் கையிலேயே இருந்திருக்கிறது.

ஒவ்வொரு வட்டத்தின் முடிவிலும் மறைந்த பெயர்கள் என்று ஒரு பகுதி வரும். 1349-இல் நார்வேக்கு வந்த கொள்ளைநோய் பண்ணை பண்ணையாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. பின்னர் யாரும் திரும்பாத இடங்கள் பழைய ஏடுகளில் வெறும் பெயராக நின்றன. ரூக் அவற்றையும் விடாமல் சேர்த்தார். இந்த வேலைக்கு நடுவில், 1893 மே 19 இரவு, அவருடைய சொந்த வேர்டாலில் களிமண் சரிந்து பள்ளத்தாக்கே ஓடியது. 116 பேர் இறந்தார்கள். பண்ணைகள் பல இருந்த இடம் தெரியாமல் போயின. அந்த மாவட்டத்துக்கான தொகுதி 1903-இல்தான் வந்தது. அதைப் பதிப்பித்தவர் தம்பி கார்ல்.

ஏனென்றால் அண்ணன் 1899-இல் இறந்துவிட்டார். முன்னுரைத் தொகுதியையும் முதல் இரண்டு தொகுதிகளையும்தான் அவர் அச்சில் பார்த்தார். முதலாவது, 1897-இல் வந்தது, தூனே அடங்கிய மாவட்டத்துக்கு உரியது. மற்றவற்றைக் கார்லும் ஆல்பர்ட் ஷேரும் ஹியால்மர் ஃபால்க்கும் மாக்னுஸ் ஊல்சனும் அவர் விட்டுப்போன குறிப்புகளிலிருந்து முடித்தார்கள். 1924-இல் கடைசி மாவட்டம், 1936-இல் பெயர் அகராதி. தொடங்கியவர் போன பிறகும் வேலை நாற்பது ஆண்டுக்கு நெருக்கமாக நடந்திருக்கிறது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏறத்தாழ எட்டு லட்சம் நார்வேஜியர்களில் பலர் பண்ணைப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பூர்விகம் தேடிப் புரட்டுவதும் இதே தொகுப்பைத்தான். ஓஸ்லோ பல்கலைக்கழகம் இப்போது அதைக் கணினியில் தேடும்படி செய்துவிட்டது.

இந்த நல்ல காரியத்துக்கு ஒரு சிக்கலான பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. டேனிஷ் எழுத்தரின் கையிலிருந்து பெயரை மீட்ட குழுவும் தலைநகரில் உட்கார்ந்த குழுதான். பள்ளத்தாக்கில் வசிப்பவர் தன் பண்ணையை எப்படி எழுதவேண்டும் என்பதை இம்முறை பழைய நோர்ஸ் இலக்கணம் தீர்மானித்தது. தெற்கில் இது எரிச்சலோடு போயிற்று. வடகோடி ஃபின்மார்க்கில் அப்படியில்லை. அங்கே நிலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் பூர்வகுடிகளான சாமி மக்களும், பின்னிஷ் பேசும் குவேன் மக்களும். 1902-இல் வந்த நில விற்பனைச் சட்டம், நார்வேஜிய மொழி தெரிந்தவருக்கே அரசு நிலம் என்றது. வாங்கும் நிலத்துக்கு நார்வேஜியப் பெயர் வைக்கவேண்டும் என்றது. இதற்கு ரூக் பொறுப்பல்ல; அப்போது அவர் உயிரோடும் இல்லை. ஃபின்மார்க் தொகுதியைத் தயாரித்தவர்களில் ஒருவரான யூஸ்ட் குவிக்ஸ்தாத் சாமி மொழியைக் கற்றுத் தேர்ந்தவர். என்றாலும், பெயரைத் திருத்தும் அதிகாரம் ஓர் அலுவலகத்தின் கையில் வந்துவிட்டால் அடுத்து அது யார் மேல் பாயும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதைக் கேட்டவர்கள் குறைவு.

1990-இல் நிறைவேறிய இடப்பெயர்ச் சட்டம், தலைமுறையாக வந்த உள்ளூர் உச்சரிப்பே எழுத்துக்கு அடிப்படை என்றது. சாமி, குவேன் பெயர்களுக்கும் இடம் கொடுத்தது. பண்ணைக்காரர்கள் அதோடு அடங்கவில்லை. தங்கள் பெயரை மொழி ஆலோசகர்கள் திருத்துவதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2015-இல் சட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்தது: சொந்தப் பண்ணையின் பெயரை எப்படி எழுதுவது என்பதை உரிமையாளர் முடிவுசெய்யலாம், ஆனால் அந்த வடிவம் முன்பு வழக்கில் இருந்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும். மொழியறிஞர்களில் பலருக்கு இது கசப்பு. எனக்கு நியாயமாகவே படுகிறது. ரூக் தாம் மாற்றிய பெயர்களின் பழைய வடிவங்களை அழிக்கவில்லை. தமக்குத் தவறென்று பட்ட எழுத்துக்கூட்டல்களையும் ஆண்டு போட்டு வரிசையாக அச்சில் ஏற்றியிருக்கிறார். அவருடைய குழு தீர்மானித்த வடிவம் வேண்டாம் என்று இன்று வாதாடுகிற பண்ணைக்காரர் சான்று தேடிப் போகும்போது, முதலில் எடுப்பது அவருடைய நூலைத்தான்.