கிரேடு கொறஞ்சா நல்லதுன்னு யாருங்க சொன்னது?

எங்க பெரியப்பா மகன் வீட்டு பீரோவுல ரெண்டு ஸ்கேன் கவர் இருந்துச்சுங்க. ரெண்டுக்கும் நடுவுல மூணு வருஷம். முதல் ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர் கிரேடு 2, அடுத்ததில் கிரேடு 1. ரெண்டு ஒண்ணாயிடுச்சேன்னு அண்ணி மாரியம்மனுக்குப் பொங்கல் வச்சாங்க. நானும் போய்ச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.

அந்த ரெண்டாவது காகிதத்துல, கிரேடுக்குக் கீழேயே இன்னும் ரெண்டு வரி இருந்திருக்கு. கல்லீரல் கரடுமுரடாத் தெரியுது, மண்ணீரல் 14.5 செ.மீ. கடைசியில 'கிளினிக்கல் கோரிலேஷன்'னு ஒரு முத்திரை வாக்கியம். டாக்டர் பரிசோதிச்சு, மத்த விவரத்தோட சேர்த்துப் பாக்கணும்னு அர்த்தம். கவுன்டர்ல இருந்தவங்க "கிரேடு ஒண்ணுதான், பயப்படாதீங்க"ன்னு கவரைக் குடுத்து அனுப்பிட்டாங்க. எந்த டாக்டர்கிட்டயும் அது போகவே இல்லை.

இந்த கிரேடு என்னன்னு நானும் அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்தா ஸ்கேன்ல வெளுப்பாத் தெரியும். பக்கத்துல இருக்கற வலது கிட்னியோட ஒப்பிட்டு, எவ்வளவு வெளுப்புன்னு கண்ணால பாத்துப் போடற மார்க்குதான் 1, 2, 3. அது கொழுப்புக்கான மார்க். தழும்புக்கானது இல்லை. ஆளைக் கவுக்கறது தழும்பு. அது முத்திப் போய் கல்லீரல் சுருங்க ஆரம்பிச்சா, இருந்த கொழுப்பே கொறஞ்சு போகலாம். அப்போ கிரேடு கீழே இறங்கும், நாம பொங்கல் வைப்போம்.

தழும்பைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. வயசு, ரத்தத்துல ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு எண்ணிக்கை, இந்த நாலை வச்சு ஒரு கணக்கு இருக்கு, ஃபிப்-4னு பேரு. பொதுவா 1.3க்குக் கீழே வந்தா பெரிய பயமில்லை, மேலே போனா ஃபைப்ரோ ஸ்கேன். "முழு உடல் பரிசோதனை, இன்று மட்டும் சலுகை"ன்னு பேனர் கட்டறவங்க கையிலயே இந்த நாலும் பெரும்பாலும் இருக்கும். ஆனா கூட்டிப் பாத்துச் சொல்ல ஆள் இல்லை. படம் எடுக்கறதுக்குக் காசு, விளங்க வைக்கறதுக்குக் காசு கிடையாது. அப்புறம் எவன் விளங்க வைப்பான்?

இதே காகிதம் இன்னொருத்தரைத் தூங்க விடாம அடிக்குது. பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு ஹீமாஞ்சியோமான்னு எழுதியிருந்துச்சு. அது ரத்தக்குழாய் முடிச்சு. நல்ல கல்லீரல்ல சின்னதா இருந்தா பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். புத்துநோய்னு நினைச்சு அந்தக்கா ரெண்டு மாசம் சோறு தண்ணி இல்லாமக் கிடந்தாங்க.

எங்க ஊர் மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. கல்லீரல்னாலே குடிகாரன். அண்ணன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. சர்க்கரை இருக்கு, தொப்பை இருக்கு, உழவுக்கு டிராக்டர், தண்ணி பாய்ச்ச சொட்டு நீர், தோட்டத்துக்குப் போக பைக். விவசாயின்னா உடம்பு வளையுதுன்னு நீங்க டவுன்ல நினைச்சுக்கறீங்க, அது எங்க அப்பன் காலம். "ரகசியமாக் குடிக்கறான் போல"ன்னு டீக்கடையில பேசுவாங்கன்னுதான் அவர் முதல் கவரையே பீரோவுக்குள்ள தள்ளினார். மண்வள அட்டையும் அங்கதான் கிடக்குது, அதையும் நாங்க படிக்கறதில்லை.

உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஊர்ல இருக்கற அப்பாவுக்கு ஆன்லைன்ல பேக்கேஜ் புக் பண்ணிட்டு, "ரிப்போர்ட் நார்மலாப்பா?"ன்னு போன்ல கேக்கறீங்க. இங்கிலீஷ் தெரியாத மனுசன் என்னத்தச் சொல்வார்? "எல்லாம் நல்லாருக்கு கண்ணு"ம்பார். அந்தக் காகிதத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கிரேடுக்குக் கீழே இருக்கறதையும் படிச்சுட்டு ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க.

அண்ணனுக்கு இப்போ சிரோசிஸ்னு உறுதியாயிடுச்சு. கட்டி ஏதாச்சும் முளைச்சா சின்னதுலயே பிடிக்கணும்னு ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். உடம்பு நல்லாருக்குன்னு தோணினாலும் போகணுமாம். அடுத்தது மாசிக் கடைசியில. மஞ்சள் வெட்டு நேரம், ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கலாமாடான்னு நேத்துக் கேட்டார். வெட்டை நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்கண்ணான்னுட்டேன்.