நெருக்கடி ஒரு மாணவரோடு முடிவதில்லை

பள்ளியில் நெருக்கடி நேரும்போது பாதிக்கப்பட்ட மாணவரைத் தனியே அமர்த்தி ஆற்றுப்படுத்துவதே உளவியலாளரின் கடமை என்றும், ஒருவரின் துயரைக் குடும்பம், ஆசிரியர், வகுப்பு ஆகிய உறவுகளின் பின்னலில் வைத்து அணுகும் அமைப்புசார் சிகிச்சை ஆற அமரச் செய்யத்தக்கது என்றும் ஒரு வாதம் வைக்கப்படுகிறது. இது நெருக்கடித் தலையீட்டின் வரலாற்றுக்கே முரணானது. 1942-இல் பாஸ்டனின் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதித் தீயில் 492 பேர் மாண்டபின், துயருற்றோரை ஆராய்ந்த எரிக் லிண்டமன், 1944-இல் வெளியான கட்டுரையில், இறந்தவரோடிருந்த உறவைக் கொண்டே துயரத்தின் போக்கை விளக்கினார்.

ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரப் பள்ளியொன்றில் 2002 ஏப்ரல் 26 அன்று 16 பேரைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்ட 19 வயது முன்னாள் மாணவர், மாதங்களுக்கு முன்பே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். பெற்றோரோ அதை அறியாது, மகன் பள்ளிக்குச் சென்றுவருவதாகவே நம்பியிருந்தனர். கொலைகளுக்கு இதுவொன்றே காரணமென்பது பிழை. ஆயினும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே அறுந்துகிடந்த அத்தொடர்பு, தனிமனிதரை மட்டும் நோக்கும் பார்வைக்கு எளிதில் புலப்படாது. மேலும், அதிர்ச்சி நிகழ்ந்த உடனே நினைவுகளை ஒரே அமர்வில் தனிநபரிடம் பேசவைக்கும் முறை பின்னாளைய மனச்சீர்குலைவைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002-ஆம் ஆண்டு மீளாய்வு கூறியது.

தற்கொலை அபாயத்தில் உள்ள மாணவரின் பாதுகாப்பே முதற்பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவில் அவரோடு யார் இருப்பார், வீடே வன்முறையின் களமானால் யாரை அழைக்கக் கூடாது என்பவற்றை அன்றே முடிவு செய்தாக வேண்டும், அவையோ உறவுகளைப் பற்றிய கேள்விகள்.