அலை நின்றபின் நேயர் எங்கே?

வானொலி நிலையத்தார் ஒரு நிகழ்ச்சியை நிறுத்துகிறார்கள், வேறொன்றைத் தொடங்குகிறார்கள், ஒன்பது மணிக்கு வந்ததை ஏழு மணிக்கு மாற்றுகிறார்கள். மாற்றத்துக்கான காரணத்தை இரண்டொரு வாக்கியங்களில் அறிவிப்பதும் உண்டு. ஆயினும், இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இனி என்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்து அறிவிப்பது மிக அரிது. ஓர் இதழ் நின்றுபோனால் சந்தாதாரரின் பெயரும் முகவரியுமாவது அலுவலகத்தில் இருக்கும். வானொலி நேயருக்கு அத்தகைய பட்டியல் கிடையாது. அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வழக்கமான நேரத்தில் குமிழைத் திருப்புவார். இரைச்சல்தான் கேட்கும். பெட்டி பழுதாகிவிட்டது போலும் என்று எண்ணி, மறுநாள் அதைத் துணிப்பையில் வைத்துப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்வார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இத்தகைய நேயர்கள் ஏராளம். வானம் பார்த்த பூமி இது. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களைவிட மணல் தெரியும் நாள்களே மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் மிளகாயும் விதைப்பவர்களுக்கு, ‘வங்கக் கடலில் தாழ்வு மண்டலம்’ என்ற நான்கு சொற்கள் எத்தனை பெரிய செய்தி என்பதை நகரத்தார் அறியமாட்டார். அருப்புக்கோட்டைக் கைத்தறியாளர்களுக்கோ கண்ணும் கையும் காலும் தறிக்கு உரியவை. காது ஒன்றுதான் ஓய்வாக இருந்தது. நாடா ஓடும் ஓசைக்கு இடையே அந்தக் காதுக்கு உணவளித்தது வானொலி. எழுத்தறியாத தாய்மாருக்கும் பார்வை குன்றிய முதியோருக்கும் அது செய்தித்தாள், பள்ளிக்கூடம், துணை என்னும் மூன்றுமாக இருந்தது.

திருச்சி நிலையம் 1939-லும் திருநெல்வேலி நிலையம் 1963-லும் மதுரை நிலையம் 1987-லும் தோன்றின. வானொலிப் பேச்சுக்கு மக்கள் தந்த மறுமொழி எத்தகையது என்பதற்குத் திருச்சி நிலையமே ஒரு சான்று. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றி அந்நிலையம் உழவர்களிடம் விடாமல் பேசிற்று. தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். நிலையத்தாருக்கு இதைவிட நல்ல பாராட்டுக் கடிதம் கிடைத்திருக்க முடியாது. (எங்கள் கரிசலுக்கு அந்த நெல்லால் பயனில்லை என்பது வேறு கதை.)

பிடிக்காத மாற்றத்துக்கு மக்கள் தந்த மறுமொழியும் உண்டு. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரையிசையின் நேரத்தை வெட்டிக் குறைத்தார். சில ஆண்டுகளில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. சாஸ்திரிய இசையின்மீது அவருக்கிருந்த பற்று மெய்யானது. அதனால் இசைக்கலைஞர் பலருக்கு மேடை கிடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் நேயரை அவர் மாணவராக எண்ணினார். நேயரோ தம்மை வீட்டுக்காரராக எண்ணினார். ஊர்வலம் இல்லை, முழக்கம் இல்லை. இலட்சக்கணக்கான வீடுகளில் குமிழ் சற்றே திரும்பிற்று. முள் இலங்கையில் போய் நின்றது.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-இல் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படையினர் அமைத்து விட்டுச்சென்ற ஆற்றல் மிக்க ஒலிபரப்பி அதன் கையில் இருந்தது. மயில்வாகனனாரும், அவருக்குப் பின்வந்த கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் போன்றோரும் தென்தமிழகத்து வீடுகளில் உறவினர் போலவே ஆகிவிட்டனர். அங்கே பாடல் மட்டுமா கேட்டது? அஞ்சலட்டை எழுதினால் பெயரும் ஊரும் கடல் கடந்து ஒலித்துத் திரும்பி வந்தன. வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத சிற்றூர்கள் அயல்நாட்டு வானொலியில் உச்சரிக்கப்பட்டன. இறுதியில் டில்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் ‘விவித் பாரதி’ பிறந்தது. அமைச்சரை இணங்க வைத்தவர்கள் கையெழுத்திட்ட பெரியவர்கள் அல்லர். குமிழைத் திருப்பிய எளிய மக்களே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருப்புவதற்கு மற்றோர் அலை இருந்தபோதுதான் நேயரின் விருப்பத்துக்கு வலிமை இருந்தது. அலையே நிற்குமானால் அவர் எங்கே திருப்புவார்?

அந்த நிலை 2017-இல் வந்தது. இலண்டன் பி.பி.சி. நிறுவனத்தின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதத்தில் ஒரு செய்திமடலாகத் தொடங்கியது. ‘தமிழோசை’ என்ற அழகிய பெயரை அதற்குச் சூட்டியவர் சோ. சிவபாதசுந்தரம். பிற்காலத்தில் இரவு 9.15 மணிக்கு அரைமணி நேரம் அது ஒலித்தது. ஈழத்தில் போர் மூண்டிருந்த ஆண்டுகளில் அந்த அரைமணி நேரத்தின் பெறுமதியை அறிய வேண்டுமானால், அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள குல்லூர்சந்தை முகாமையோ மல்லாங்கிணறு முகாமையோ நினைத்துப் பார்த்தால் போதும். படகேறி வந்து இக்கரிசலில் குடியமர்ந்த ஈழத்து மக்களுக்குச் செய்தி என்பது அரசியல் ஆர்வம் அன்று. எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை அடைபட்டது என்பதை அறிந்தால்தான், அக்கரையில் விட்டு வந்த தாயோ தமையனோ உயிரோடு இருக்கக் கூடுமா என்று கணக்கிட முடியும். 2009 பிப்ரவரியில், இலங்கையின் அரச வானொலி தமிழோசைச் செய்திகளை இடையில் மறித்து வெட்டுகிறது என்று கூறி, அந்நிறுவனத்துக்குத் தன் பண்பலை நிகழ்ச்சிகளை வழங்குவதை பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. அப்போதும் சிற்றலை யாருடைய அனுமதியும் இன்றிக் கடலுக்கு மேலாக வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிற்றலைத் தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றது. எழுபத்தாறு ஆண்டுப் பழக்கம் ஓரிரவில் முடிந்தது. பி.பி.சி.யின் தமிழ்ப்பணி நிற்கவில்லை. இணையத்தில் அது வளர்ந்தே வருகிறது. எனினும் கைபேசித் திரையில் எழுத்தாகவும் படமாகவும் வருவதும், இருட்டிய முற்றத்தில் குரலாக வருவதும் ஒன்றல்ல.

இந்தி நேயர்களின் கதை சற்று மாறுபட்டது. 2011 ஜனவரியில், இந்திச் சிற்றலை ஒலிபரப்பை அவ்வாண்டு மார்ச் மாதத்தோடு நிறுத்தப் போவதாக பி.பி.சி. அறிவித்தது. மார்க் டல்லி, விக்ரம் சேத், அருந்ததி ராய் முதலியோர் இலண்டன் நாளிதழ் ஒன்றின் வாயிலாக எதிர்ப்புத் தெரிவித்தனர். மாலை ஒருமணி நேர ஒலிபரப்பு தப்பிப் பிழைத்தது. பின்னர் பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு 22 இலட்சம் பவுன் கூடுதலாக ஒதுக்கியபோது, அதனால் பயன்பெற்றவற்றுள் இந்திச் சிற்றலையும் ஒன்று. 2020 ஜனவரி 31 வரை அது நீடித்தது. ஆகவே நேயரின் குரல் எட்டவே எட்டாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அக்குரலை எழுப்பியவர்கள் இலண்டன் ஆசிரியர்கள் பெயரறிந்த எழுத்தாளர்கள். பீகாரின் மின்சாரம் இல்லாத சிற்றூரில் மின்கலப் பெட்டியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்காக அவர்கள் பேசினார்கள், நன்று. அப்படிப் பேச யாரும் வாய்க்காத நேயர்களின் நிலை என்ன?

இவ்வளவும் பிறர் வீட்டுக் கதை. நம் வீட்டுக் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் 1958-இல் மணிலாவில் கூடியபோது, ஆசிய மக்களுக்கென ஒரு வானொலி வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. ஜெர்மானியரின் பொருளுதவியோடு அமைந்த வேரித்தாஸ் வானொலி 1969 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. வேரித்தாஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு உண்மை என்று பொருள். 1970 நவம்பரில் மணிலாவுக்கு எழுந்தருளிய திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அந்நிலையத்துக்கு ஆசி வழங்கினார். அதன் உள்நாட்டுப் பிரிவில்தான், 1986 பிப்ரவரியில் கர்தினால் சின் மக்களைத் தெருவுக்கு வந்து நிற்குமாறு அழைத்தார். மறுநாளே அரசுப் படையினர் அதன் ஒலிபரப்பியைச் சிதைத்தார்கள் என்பதிலிருந்தே, ஒரு வானொலிக்குரிய வலிமை விளங்கும்.

அயல்மொழிகளுக்கான ஆசியப் பிரிவில் நம் தமிழும் இடம்பெற்றது. பிலிப்பீன் நாட்டின் சம்பாலெஸ் மாநிலத்துக் கடலோரத்தில், 250 கிலோவாட் ஆற்றல் கொண்ட ஒலிபரப்பிகளிலிருந்து புறப்பட்ட தமிழ், வான்மண்டலத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பி நம் கண்மாய்க் கரைகளை வந்தடைந்தது. குடும்பம், உடல்நலம், வேளாண்மை, திருவிவிலியம் எனப் பல பொருள் பற்றியும் பேச்சு இருந்தது. நேயர் மன்றங்கள் ஊர்தோறும் எழுந்தன. அவற்றில் இந்து அன்பர்களும் இசுலாமிய அன்பர்களும் நம்மவரோடு சேர்ந்து அமர்ந்தார்கள். அலை தெளிவாக இருந்ததா, இடையூறு எவ்வளவு என்று குறித்து எழுதியவர்களுக்கு நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும். அதை வேதாகமத்துக்குள் வைத்துப் பாதுகாத்தவர்களும் உண்டு.

2018 ஜூன் 30-ஆம் நாளோடு வேரித்தாசின் சிற்றலை ஒலிபரப்பு முற்றிலும் நின்றது. பணி இணையத்துக்கும் கைபேசிச் செயலிக்கும் மாறியது.

முடிவெடுத்தவர்களைக் குறைகூறுமுன் அவர்களது இக்கட்டையும் எண்ணிப் பார்ப்பதே முறை. ஆற்றல் மிக்க ஒலிபரப்பி உண்ணும் மின்சாரம் கொஞ்சமன்று. கருவிகள் முதுமை எய்தின. உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுக்கு வீடு வந்துவிட்ட மின்னணுக் கருவிகளும் விளக்குகளும் எழுப்பும் இரைச்சலில் சிற்றலை மூழ்கிப் போகிறது. சிற்றலைப் பெட்டியை விற்கும் கடையே இன்று அரிது. இளைஞரோ கைபேசியை விட்டுத் தலைநிமிர்வதில்லை. அவர்களைத் தேடிப் போகாத ஊடகம் நாளைக்கு இராது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆதலால் மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை.

என் மனக்குறை வேறு. இணையத்தில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை நிமிடம் கேட்டார்கள் என்பதெல்லாம் கணக்காகத் திரையில் வந்துவிடுகிறது. வந்தவர் எண்ணப்படுகிறார். வர இயலாதவர் எந்தத் திரையிலும் தோன்றுவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டறிக்கையும் வளர்ச்சியையே காட்டும். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மூதாட்டி தம் பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார் என்பது எந்த அறிக்கையில் வரும்? அஞ்சல் காலத்தில் கடிதம் குறைந்தால் நிலையத்தாருக்கு உறுத்தும். ஏன் எழுதவில்லை என்று ஒலிவாங்கியிலேயே கேட்பார்கள். மேலும், கடிதம் எழுதுவோர் விருப்பத்தை மட்டும் எழுதுவதில்லை. ‘மழை பெய்யவில்லை, பாவு நூல் விலை ஏறிவிட்டது, மகள் திருமணம் தள்ளிப்போகிறது’ என்றும் எழுதுவார்கள். அதைப் படித்தவர் அடுத்த வாரப் பேச்சில் அதற்கும் ஒரு வார்த்தை வைப்பார். விருப்பக்குறியைத் தட்டுவதில் இவை எதுவும் போய்ச் சேர்வதில்லை.

பண்பலை இருக்கிறதே என்பர் சிலர். கொடைக்கானல் மலைமேலிருந்து வரும் வானொலி எங்கள் பக்கத்தில் நன்றாகவே கேட்கிறது. இனிய பாடல்கள், நல்ல குரல்கள். அதைக் குறைத்துப் பேச மனமில்லை. ஆனால் கால்மணி நேரம் ஒரே பொருளைப் பற்றி அமைதியாகப் பேசும் உரை எவ்வளவு அருகிவிட்டது என்பதைக் கேட்போர் அறிவர். அகில இந்திய வானொலியின் நிலையங்களும் இன்று ஒரு செயலிக்குள் வந்துவிட்டன; ஆனால் செயலியைத் திறக்க விரலும் கண்ணும் மாதக் கட்டணமும் வேண்டும். பழைய பெட்டிக்கு இரண்டு மின்கலம் போதுமாயிருந்தது.

ஆசியத் திருச்சபையின் வானொலியிடம் இதை உரிமையோடு சொல்லலாம் என எண்ணுகிறேன். இணையத்துக்குச் சென்றது இருக்கட்டும். விட்டுச் சென்ற நேயர்களைப் பங்குகள் வாயிலாகவே கண்டறியலாமே? நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வோர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்த முதியவர் தனித்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் வானொலி கேட்கும் வழக்கம் இருந்ததா, இப்போது என்ன கேட்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்க அதிக நேரம் ஆகாது.

நினைவட்டை செருகிப் பாடும் சிறிய ஒலிப்பெட்டிகள் அருப்புக்கோட்டைக் கடைவீதியில் கிடைக்கின்றன. பொத்தான்கள் பெரியவை, இணையம் வேண்டாம். வாரத்தின் தமிழ் நிகழ்ச்சிகளை ஒரு நினைவட்டையில் ஏற்றிக் கொடுப்பது நம் இளைஞர் இயக்கத்தாருக்குச் சிறு வேலை. ஞாயிறு திருப்பலிக்கு வரும் பேரனிடம் கொடுத்தனுப்பி, பழைய அட்டையைத் திரும்பப் பெறலாம். அந்த அட்டையோடு பாட்டியின் மறுமொழியும் ஒரு தாளில் வரட்டும். அவர் சொல்ல, பேரன் எழுதட்டும். அதை அனுப்புவதற்கு நிலையத்தார் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: தங்கள் அஞ்சல் முகவரியை, எழுத்தில் மட்டுமன்றிக் குரலிலும், நிதானமாக, இருமுறை சொல்லவேண்டும்.