ஓவியப் பீரியடை எடுத்துக்கொள்ளாதீர்கள்



"பெரியவளாகி என்ன ஆகப் போற?" என்று யாராவது கேட்டால் நம் வகுப்பில் ஐந்து பதில்தான் வரும். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், நர்ஸ், போலீஸ். தப்பில்லை. ஆனால் ஆறாவதாக ஒருத்தி "ஸ்டாப் மோஷன் படத்துக்கு ஆர்ட் டைரக்டர்" என்று சொன்னால் ஏன் எல்லோரும் சிரிக்கணும்? "களிமண்ணை வச்சு விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஷான் என்ற ஆட்டுக்குட்டி கார்ட்டூனை நம்மில் நிறையப் பேர் போனில் பார்த்திருப்போம். 2007-இல் டி.வி. தொடராக ஆரம்பித்தது. அதில் யாரும் பேசுவதே இல்லை. ஆனாலும் நமக்கு எல்லாம் புரியுது. அது கம்ப்யூட்டரில் வரைந்தது இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஆர்ட்மேன் என்ற ஸ்டுடியோவில் நிஜமான பொம்மைகளை வைத்து எடுத்தது. பொம்மையின் கையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. ஒரு விநாடிக்கு 24 போட்டோ ஓடணும். பெரும்பாலும் ஒரு நிலைக்கு இரண்டு போட்டோ எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் விநாடிக்கு 12 நிலை. ஒரு நிமிடப் படத்துக்கு 720 தடவை பொம்மையைத் தொட்டு நகர்த்தணும்!

சரி, ஆர்ட் டைரக்டர் என்ன செய்வார்? சினிமா டைட்டிலில் "கலை" என்று போடுகிறார்களே, அவர்தான். 1987-இல் வந்த 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி மும்பை தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டு தேசிய விருது வாங்கினார். ஸ்டாப் மோஷனிலும் அதே வேலைதான், ஆனால் தாராவி மேஜை மேல் நிற்கணும். வீடு, மரம், தெரு விளக்கு, டம்ளர் வரைக்கும் ஒன்றுவிடாமல் செய்யணும். கடையில் வாங்க முடியாது, ஏனென்றால் அந்த அளவில் எதுவும் கிடைக்காது.

இங்கேதான் கணக்கு வருது. என் உயரம் 4 அடி 6 அங்குலம், அதாவது 54 அங்குலம். என்னை 9 அங்குலப் பொம்மையாகச் செய்தால் ஆறில் ஒரு பங்கு. அப்படியென்றால் என்னைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் ஆறால் வகுக்கணும். ஆறரை அடி கதவு 13 அங்குலம் ஆகும். 5 அடி பெஞ்சு 10 அங்குலம். நாலரை அங்குல டம்ளர் முக்கால் அங்குலம். ஒன்றை மட்டும் தப்பாக வகுத்தால் போதும், டம்ளர் குடம் மாதிரி தெரியும்.

கஷ்டம் அதோடு முடியல. அளவைக் குறைக்கலாம், நூலைக் குறைக்க முடியுமா? நம் சீருடைத் துணியை வெட்டிப் பொம்மைக்குத் தைத்தால் சாக்கு கட்டின மாதிரி இருக்கும். 2009-இல் ஹென்றி செலிக் இயக்கிய 'கோரலைன்' படத்தில் அந்தப் பெண் பொம்மைக்கு ஒரு நட்சத்திர ஸ்வெட்டர். அதை அல்தியா குரோம் என்ற அம்மா மெல்லிய கம்பி போன்ற ஊசிகளால் கையாலேயே பின்னினார். அதே படத்தில் மரம் நிறையப் பூ வேணும். உண்மைப் பூ வைத்தால் ஒரு காட்சி எடுத்து முடிப்பதற்குள் வாடிவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? சோளப்பொரிக்குச் சாயம் பூசி ஒட்டினார்கள்! எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம். திருவிழாவில் பொரி வாங்கும்போதெல்லாம் இப்போ நான் பூவைத்தான் பார்க்கிறேன்.

தண்ணீரும் அப்படித்தான். போட்டோவுக்குப் போட்டோ அது அசையும், காயும். அதனால் துளிக்குக் கிளிசரின். ரோமம் இன்னும் மோசம், விரல் பட்டதும் கலைஞ்சிடும். 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் குரங்குப் பொம்மைக்கு முயல் ரோமம் ஒட்டியிருந்தார்கள். பொம்மையை நகர்த்தியவர்களின் விரல் பட்டுப் பட்டு அந்த ரோமம் காற்றில் ஆடுவது போலத் திரையில் துடிப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும், எது வாடும், எது சுருங்கும் என்று தெரிந்திருக்கணும். இது அறிவியல் பாடம் இல்லாமல் வேற என்ன?

பொம்மை கீழே விழாமல் இருக்க மேஜைக்கு அடியிலிருந்து காலில் திருகாணி முடுக்குவார்கள். நகர்த்துகிறவர் கையை விடுவதற்குச் சுவர் கழன்று வரணும். ஆனால் கேமராவில் இடைவெளி தெரியக் கூடாது. அழகாக வரையத் தெரிந்தால் மட்டும் இந்த வேலைக்குப் போதாது.

உண்மையைச் சொல்லணும் என்றால் இது நிரந்தர வேலை இல்லை. படம் முடிந்தால் வேலையும் முடியும், அடுத்த படம் தேடணும். நம் நாட்டில் இப்படிப்பட்ட படங்கள் குறைவு. மும்பையில் சுரேஷ் எரியத்தின் ஈக்சாரஸ் ஸ்டுடியோ 'டோக்ரி' என்று ஒரு அப்பா, மகள் கதையைக் குறும்படமாக எடுத்தது. சின்னப் படம்தான், முடிக்கப் பல வருஷம் ஆனது. செய்ததெல்லாம் கையால் தொடுகிற பொருள் என்பதால் போனால் போனதுதான். 2005 அக்டோபரில் ஆர்ட்மேன் கிடங்கில் தீப்பிடித்து பழைய செட்டுகள் எவ்வளவோ எரிந்து போயின. எங்க அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

படிக்க வழி இருக்கு. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் இருக்கு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம். கட்டணம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கு. சென்னையில் இருப்பது 1850-இல் ஆரம்பித்தது. சிற்பம், ஓவியம் எல்லாம் அங்கே பாடம். செட் செய்கிற கை அங்கேயும் பழகும்.

ஆர்ட்மேனை 1972-இல் தொடங்கிய பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் பள்ளிக்கூட நண்பர்கள். பள்ளியில் படிக்கும்போதே வீட்டுச் சமையலறை மேஜையில் படம் எடுத்துப் பழகியவர்கள். அவர்களுக்கு ஒரு மேஜையும் நேரமும் கிடைத்தது.

நமக்கு அந்த நேரம் வாரத்தில் ஒரு பீரியடுதான். மாதத் தேர்வு வந்தால் முதலில் போவதும் அதுதான். கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஆறால் வகுப்பதும், எந்தப் பசை எதில் ஒட்டும் என்று கண்டுபிடிப்பதும் அந்த ஓவியப் பீரியடிலேயே நடக்கும்போது அதை ஏன் எடுக்கணும்? "படிப்பு வராதவங்களுக்குத்தான் கைவேலை" என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருது. மேலே சொன்னதை எல்லாம் படிப்பு இல்லாமல் யாரால் செய்ய முடியும்?

தலைமையாசிரியை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருட அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பறையையே ஆறில் ஒரு பங்காகச் செய்து, அதில் ஒரு நிமிடப் படம் எடுக்க அனுமதி வேண்டும். 20 அடி வகுப்பறை 40 அங்குலம் ஆகிறது, ஆசிரியர் மேஜை இரண்டைச் சேர்த்துப் போட்டால் இடம் போதும். அட்டை, மைதாப் பசை, பழைய சேலைத் துணி, ஏரிக் களிமண் எல்லாம் நாங்களே கொண்டு வந்துவிடுவோம். போட்டோ எடுக்க ஒரு போனும், அதை ஆடாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்டும் மட்டும் வேணும். கரும்பலகையை நான் அளந்துவிட்டேன். 8 அடி இருக்கு, 16 அங்குலம் வரும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி