நாற்காலியும் மேடையும்

நான் வங்கிக் குமாஸ்தா. பரீட்சை எழுதினால் பதவி உயரும் என்பது என் உத்தியோகத்துக்குச் சரி. நாடகக் கல்வியையும் அப்படியொரு ஏணியாக்கிவிட்டார்கள்: பட்டயம், மானியம், இயக்குநர் நாற்காலி, பொன்னாடை. நான் போய்வரும் குழுவில் ஒத்திகைக்கே வராதவர்தான் பயிற்சி முகாம் நடத்துகிறார்.

அல்காஜி 1962 முதல் 1977 வரை தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர். மேடையைப் பெருக்குவதும் அவரிடம் பாடம்தான். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தின் முன் கற்பவராக உட்கார்ந்தவர். இவர்களிடமிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்டது பதவியின் பெயரை மட்டும். கற்க உட்காராதவர் கற்பிக்க நிற்கிறார்.

ஒருவர் நாற்காலியை விட்டுப் போனபின் எத்தனை பேர் மேடையில் நிற்கத் தெரிந்து மிஞ்சுகிறார்கள்? கலைத் தலைமைக்கு எனக்குத் தெரிந்த ஐந்தொகை இது ஒன்றே.